அபே கிரெகுவார்: திருச்சபையைப் பிளந்தவரா, கடைசிவரை பிடித்திருந்தவரா?

கேள்வி இது: "பிரெஞ்சுப் புரட்சியில் வரும் அபே கிரெகுவாரைப் பற்றிப் படித்தால் குழப்பமாக இருக்கிறது. திருச்சபையைப் பிளந்தவர், ராஜாவைக் கொல்லச் சொன்னவர் என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். யூதர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் குரல் கொடுத்தவர் என்று இன்னொரு பக்கம் எழுதுகிறார்கள். அவர் நிஜமாகவே பாதிரியாரா, அங்கி போட்ட அரசியல்வாதியா?"

நிஜமான பாதிரியார்தான். சாகும் நாள் வரைக்கும் பாதிரியார். அதே நேரத்தில் சாகும் நாள் வரைக்கும் குடியரசுக்காரர். இந்த இரண்டில் எது முகம், எது முகமூடி என்று தேடினால் அவர் பிடிபட மாட்டார், ஏனென்றால் அவருக்கு அவை இரண்டும் தனித்தனி விஷயங்கள் இல்லை. 1790 டிசம்பர் 27 அன்று பாரிஸில் அவர் ஒரு சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு நாற்பது வருடத்தில் மூன்று முறை, அதிகாரத்தில் இருந்த யாரோ ஒருவர் வந்து எதையாவது விட்டுக்கொடு என்று கேட்டார்கள். 1793-ல் புரட்சிக்காரர்கள் அவருடைய குருத்துவத்தைக் கேட்டார்கள். 1801-ல் நெப்போலியன் அவருடைய ஆயர் பதவியைக் கேட்டார். 1831-ல், அவர் சாகக் கிடந்தபோது, பாரிஸ் பேராயர் அந்தச் சத்தியத்தையே திரும்பக் கேட்டார். பதவியைக் கொடுத்துவிட்டார். மற்ற இரண்டையும் கொடுக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அவர் வாழ்க்கையில் பெரிய முரண்பாடு எதுவும் தெரியாது. தவறுகள் தெரியும். அவற்றையும் சொல்கிறேன்.

அபே என்பது பிரான்சில் பாதிரியாரை மரியாதையாக அழைக்கும் சொல். முழுப் பெயர் ஆன்ரி கிரெகுவார். 1750 டிசம்பர் 4 அன்று லொரேன் பகுதியில், லூனேவில் ஊருக்குப் பக்கத்தில் வேஓ என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். அப்பா தையல்காரர். இயேசு சபைக் குருக்களிடம் நான்சியில் படித்தார். 1775-ல் குருப்பட்டம் பெற்று, 1782-ல் எம்பெர்மெனில் என்ற கிராமத்தின் பங்குத்தந்தை ஆனார். அங்கே வந்ததும் பங்கு மக்கள் எடுத்துப் படிக்க ஒரு நூலகம் வைத்தார். பக்திப் புத்தகங்களோடு விவசாயம், உடல்நலம் பற்றிய புத்தகங்களும் அதில் இருந்தன.

தையல்காரர் மகன் என்பதைச் சும்மா சொல்லவில்லை. புரட்சிக்கு முந்தைய பிரான்சில் ஆயர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே பிரபுக் குடும்பத்தவர்கள். கிராமத்துப் பங்குத்தந்தைகளில் பலர், வசூலாகும் தசமபாகத்தின் பெரும்பகுதி வேறு எங்கோ போய்ச் சேர, வருடத்துக்கு 700 லீவ்ர் (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்) என்று நிர்ணயித்த படியில் காலம் தள்ளினார்கள். திருமுழுக்கு, பாவசங்கீர்த்தனம், சாவு, பஞ்சம் எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான். 1789-ல் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பினரின் மாமன்றம் வெர்சாய் நகரில் கூடியபோது, குருமார் சார்பில் வந்த சுமார் 300 பேரில் 200-க்கு மேல் இந்தப் பங்குத்தந்தைகளே. புரட்சி திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்த இடி என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதி திருச்சபைக்குள்ளேயே பல காலம் புகைந்துகொண்டிருந்த நெருப்பு.

நான்சி வட்டாரக் குருமாரின் பிரதிநிதிகளாகத் தேர்வான இரண்டு பேரைப் பார்த்தாலே போதும். ஒருவர் கிரெகுவார். இன்னொருவர் அவருடைய சொந்த ஆயர், பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த தெ லா ஃபார். மே 4 அன்று மாமன்றத்தின் தொடக்கத் திருப்பலியில் மறையுரை ஆற்றியவர் அந்த ஆயர். ஜூன் 14 அன்று, இன்னும் ஒரு சில பங்குத்தந்தைகள் மட்டுமே துணிந்திருந்த நேரத்தில், பொதுமக்களின் பிரதிநிதிகளோடு போய்ச் சேர்ந்துகொண்டவர் கிரெகுவார். அந்த வருடக் கடைசியில் யூதர்களுக்குக் குடியுரிமை தரலாமா என்ற விவாதம் வந்தபோது ஆயர் எதிர்த்தார், பங்குத்தந்தை ஆதரித்தார். பின்னால் ஆயர் நாட்டை விட்டே போய், அரசாட்சி திரும்பிய பிறகு கர்தினால் ஆனார். ஒரே ஊர், ஒரே மதம், ஒரே திருப்பலிப் புத்தகம். பிரெஞ்சுத் திருச்சபை எப்படி இரண்டானது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு பேரின் கதையைத்தான்.

ஜூன் 20 அன்று பிரதிநிதிகள் கூட்ட மண்டபத்துக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்தில் இருந்த பந்தாட்டக் கூடத்தில் கூடி, அரசியலமைப்பு எழுதி முடிக்காமல் கலைவதில்லை என்று உறுதிமொழி எடுத்தார்கள். இதை ஓவியர் தாவீத் பெரிய ஓவியமாக வரையத் தொடங்கி முடிக்காமலே விட்டார். ஆனால் முழு மாதிரிச் சித்திரம் இருக்கிறது. அதில் முன்வரிசை நடுவில் மூன்று பேர் ஒருவரை ஒருவர் அணைத்தபடி நிற்பார்கள். வெள்ளை அங்கியில் இருப்பவர் தொம் ஜெர்ல் என்ற துறவி. கறுப்பு உடையில் இருப்பவர் புராட்டஸ்டண்ட் போதகர் ரபோ சேந்த்-எத்தியென். இருவரையும் சேர்த்துப் பிடித்து நிற்பவர் கிரெகுவார். அந்தத் துறவி உண்மையில் அன்று அங்கே இல்லை. தாவீத் அவரை வேண்டுமென்றே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். மடத்துத் துறவி, ஊர்ப் பாதிரியார், புராட்டஸ்டண்ட் மூவரும் ஒன்றாக நிற்கும் ஒரு பிரான்ஸ் வரப்போகிறது என்று அந்த 1789-ல் மனதார நம்பினார்கள். நடுவில் நிற்கும் முகத்தில் அந்த நம்பிக்கை தெரியும்.

சரி, அந்த நம்பிக்கை எங்கே உடைந்தது? 1789 நவம்பர் 2 அன்று திருச்சபைச் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். சொத்து போய்விட்டால் குருமாருக்கு யார் சோறு போடுவது? அரசுதான் சம்பளம் தர வேண்டும். சம்பளம் தரும் அரசு நிர்வாகத்திலும் கை வைக்கும். 1790 ஜூலை 12-ல் வந்த குருமார் சட்டம் அப்படிப் பிறந்ததுதான். 130-க்கு மேல் இருந்த மறைமாவட்டங்களை 83 ஆக்கி, புதிதாகப் பிரித்த ஒவ்வொரு நிர்வாக மாவட்டத்துக்கும் ஒரு ஆயர் என்றது. ஆயரையும் பங்குத்தந்தையையும் வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். புதிய ஆயர் போப்புக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தால் போதும், அவர் அங்கீகாரம் தேவையில்லை. பங்குத்தந்தைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 லீவ்ர். கிராமத்துக் குருக்களுக்கு அது பெரிய உயர்வு.

அதே வருடம் நவம்பர் 27 அன்று இன்னொரு ஆணை. பதவியில் இருக்கும் ஒவ்வொரு குருவும் நாட்டுக்கும் சட்டத்துக்கும் மன்னருக்கும் விசுவாசமாக இருந்து அரசியலமைப்பைக் காப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பதவியை விட்டு விலகியதாக எடுத்துக்கொள்வார்கள். மன்னர் தயங்கித் தயங்கி டிசம்பர் 26 அன்று ஒப்புதல் தந்தார். மறுநாளே, அந்த மாமன்றத்திலிருந்து உருவான தேசிய மன்றத்தில் முதல் ஆளாக எழுந்து சத்தியம் செய்தவர் கிரெகுவார். ஜனவரி 4 அன்று மற்றக் குருமாரிடம் கேட்டபோது, இந்தச் சத்தியம் விசுவாசக் கோட்பாடு எதையும் தொடவில்லை, நிர்வாகத்தைத்தான் தொடுகிறது என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஆயர்கள் கேட்கவில்லை. நாடு முழுக்கச் சத்தியம் செய்த ஆயர்கள் ஏழே பேர். பங்குத்தந்தைகளில் பாதிப் பேர் அளவுக்குச் செய்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு நல்ல கத்தோலிக்கக் குரு போப்பை ஓரங்கட்டும் சட்டத்துக்கு ஏன் முதல் ஆளாக எழுந்தார்? பதவி ஆசை என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டே மாதத்தில் லுவார்-எ-ஷேர் பகுதியின் ஆயராக அவர் தேர்வானது அவர்களுக்கு ஆதாரம். எனக்கு அது போதாது. அவர் மனதில் இருந்த திருச்சபை ஆதித் திருச்சபை. ஆரம்ப நூற்றாண்டுகளில் ஆயரை மக்களும் குருமாரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். அதனால் இந்தச் சட்டத்தில் அவருக்குத் தெரிந்தது புதுமை இல்லை, மீட்பு. ரோமாபுரியின் மேலதிகாரத்துக்கு எல்லை கட்டும் மரபும் பிரெஞ்சுத் திருச்சபையில் பல நூற்றாண்டு பழையது. இதே எல்லையைப் பிரெஞ்சு மன்னர்கள் தங்கள் வசதிக்கு வைத்திருந்தார்கள். கிரெகுவார் அதை மக்களுக்காக வைத்தார்.

இன்னொரு வேர் உண்டு, அதுதான் ஆழமானது: போர்-ருவயால் மடம். பாரிஸுக்கு வெளியே இருந்த அந்தக் கன்னியர் மடம், ஜான்செனியவாதிகள் என்ற கண்டிப்பான கத்தோலிக்கப் பிரிவினரின் உயிர்நாடி. கடுமையான மனச்சாட்சி, எளிய வாழ்க்கை, மேலிடத்துக்குத் தலையாட்டாத பிடிவாதம் அவர்களுடைய அடையாளம். பதினான்காம் லூயி 1709-ல் கன்னியரை வெளியேற்றினார். அடுத்து கட்டடங்களை இடித்துத் தள்ளச் செய்தார். அப்புறம் கல்லறைகளையும் தோண்டிப் பிணங்களை அப்புறப்படுத்தினார்கள். கிரெகுவார் அந்த இடிபாடுகளைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார், 1801-ல் ஒரு முறை, 1809-ல் விரிவாக்கி இன்னொரு முறை. அவருடைய ராஜ வெறுப்பை வெறும் அரசியல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சாமியார்களின் எலும்பைக்கூட நிம்மதியாக விடாத ராஜா ஒருவர் அவர் நினைவில் இருந்தார். குடியரசு வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அரசியல் மேடையைவிட அந்த மடத்தின் இடிபாடுகளிலிருந்துதான் அதிகம் வந்தது என்பது என் கருத்து.

போப் ஆறாம் பயஸ் 1791 மார்ச்சிலும் ஏப்ரலிலும் சட்டத்தைக் கண்டித்தார். அதோடு திருச்சபை இரண்டாகிவிட்டது. சத்தியம் செய்த குரு, செய்யாத குரு என்று ஊருக்கு ஊர் பிளவு. சத்தியம் செய்தவர் வைக்கும் பூசை செல்லுமா, அவர் கட்டிவைத்த கல்யாணம் கல்யாணமா என்று குடும்பங்களுக்குள் சண்டை. மேற்குப் பகுதியில் பல ஊர்களில் செய்யாத குருவின் பக்கமே மக்கள் நின்றார்கள். 1793 மார்ச்சில் வாந்தே பகுதியில் வெடித்த கலகத்துக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு உடனடிக் காரணம் என்றாலும், பறிபோன பாதிரியாரைப் பற்றிய கோபம் அடியில் இருந்தது. 1792 செப்டம்பரில் பாரிஸ் சிறைகளில் நடந்த படுகொலையில் 200-க்கும் மேற்பட்ட குருமார் செத்தார்கள்.

இந்த இடத்தில் கிரெகுவாரின் மேல் எனக்குக் குறை உண்டு. கோட்பாட்டைத் தொடவில்லை என்று அவர் சொன்னது வாதத்தில் சரியாக இருக்கலாம். ஒரு கிராமத்துக் கிழவிக்குத் தன் ஆத்துமம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கோட்பாடு. தன் மனச்சாட்சி எவ்வளவு கனமானது என்று அறிந்தவர், மறுத்தவர்களின் மனச்சாட்சியும் அதே கனம் என்பதை உணரத் தாமதித்தார். பிற்பாடு, ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் கப்பல்களில் அடைத்துச் சாகவிட்டிருந்த சத்தியம் செய்யாத குருமாரை விடுவிக்க அவர்தான் குரல் எழுப்பினார். அதற்குள் பலர் செத்திருந்தார்கள்.

மன்னர் விஷயத்துக்கு வருகிறேன். 1792 செப்டம்பர் 21, புதிதாகத் தேர்வான கன்வென்ஷன் மன்றத்தின் முதல் வேலைநாள். முடியாட்சியை ஒழிக்கும் தீர்மானம் வந்தபோது ஆதரித்துப் பேசினார் கிரெகுவார். இயற்கையில் கோர ஜந்துக்கள் எப்படியோ அப்படியே அறவுலகில் ராஜாக்கள், ராஜாக்களின் சரித்திரம் மக்களின் வேதசாட்சிச் சரித்திரம் என்றார். கவனியுங்கள், அந்த உவமைகூடப் பாதிரியாருடையது. ஆனால் நவம்பர் 15 அன்று அதே மன்னரை விசாரிக்க வேண்டும் என்று பேசியவர், கூடவே மரண தண்டனையையே ஒழிக்க வேண்டும் என்றும் சொன்னார். மன்னர் பதினாறாம் லூயியும் அந்தச் சலுகையில் உயிர் வாழட்டும் என்பது அவர் நிலை.

1793 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தபோது அவர் பாரிஸிலேயே இல்லை. புதிதாகச் சேர்த்துக்கொண்ட சவாய் பகுதியில் மூன்று சக பிரதிநிதிகளோடு அரசுப் பணியில் இருந்தார். நால்வரும் சேர்ந்து ஜனவரி 13 அன்று கடிதம் எழுதினார்கள். முதலில் எழுதிய வாசகத்தில் மன்னருக்கு 'மரண' தண்டனை என்று இருந்தது. அந்த ஒரு சொல்லை எடுத்தால்தான் கையெழுத்திடுவேன் என்று கிரெகுவார் நின்றார். எடுத்தார்கள். மன்னரைக் குற்றவாளி எனத் தீர்க்க வேண்டும் என்பதோடு கடிதம் நின்றது. அதனால் அவர் சாவுக்கு வாக்களிக்கவில்லை என்பது உண்மை. அந்த நேரத்தில் அந்தக் கடிதத்தைப் பாரிஸில் எப்படிப் படிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்பதும் உண்மை. ஒரு சொல்லை அடித்துத் தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1819-ல் கிரெனோபிள் நகரை உள்ளடக்கிய இஸேர் பகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, ராஜாவைக் கொன்றவர் என்ற பழியைச் சுமத்தி, சபையில் உட்காரத் தகுதியில்லாதவர் என்று டிசம்பர் 6 அன்று உள்ளேயே விடாமல் செய்தார்கள்.

இப்போது அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய நாள், 1793 நவம்பர் 7. மதத்தையே துடைத்தெறியும் வெறி உச்சத்தில் இருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமையைக் காலண்டரிலிருந்தே எடுத்துவிட்டுப் பத்து நாள் வாரம் கொண்டுவந்திருந்தார்கள். அன்று பாரிஸ் ஆயர் கொபெல் தன் குருமாரோடு மன்றத்துக்கு வந்து பதவியைத் துறந்தார். அடையாளச் சிலுவையையும் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார். ஒருவர் பின் ஒருவராக மற்றக் குருமார் எழுந்து துறந்தார்கள், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர் உட்பட. மண்டபம் ஆரவாரத்தில் அதிர்கிறது. கிரெகுவார் அப்போது கல்விக் குழுக் கூட்டத்தில் இருந்தார். உள்ளே வந்ததும் எல்லோரும் அவரைப் பிடித்து மேடையில் ஏறச் சொல்கிறார்கள்.

ஏறினார். சம்பளத்தைத் துறக்கச் சொல்கிறீர்களா, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மதத்தைப் பற்றி என்றால் அது உங்கள் அதிகாரத்துக்கு வெளியே, அதைத் தொட உங்களுக்கு உரிமையில்லை என்றார். நம்பிக்கையால் கத்தோலிக்கன், விருப்பத்தால் குரு, மக்கள் தேர்ந்ததால் ஆயர், ஆனாலும் என் பணியை மக்களிடமிருந்தும் பெறவில்லை, உங்களிடமிருந்தும் பெறவில்லை என்றார். வழிபாட்டுச் சுதந்திரத்தைக் கேட்கிறேன் என்று முடித்தார். கூச்சல். திட்டு. இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். மறுநாளும், அதற்கு மறுநாளும், எதிரிகளைக் கில்லட்டினுக்கு அனுப்பிய அந்தப் பயங்கர ஆட்சி முடியும்வரையிலும், ஆயரின் ஊதா நிற அங்கியைப் போட்டுக்கொண்டே மன்றத்துக்கு வந்தார். துறந்த கொபெலை 1794 ஏப்ரலில் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். துறக்காத கிரெகுவார் பிழைத்தார். அந்த ஆட்சியின் முக்கியத் தலைவரான ரோபஸ்பியருக்கே அந்த மத ஒழிப்பு பிடிக்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அன்று மேடையில் நின்றவருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

அடுத்த வருடம் டிசம்பர் 21 அன்று, மூடிய ஆலயங்களைத் திறக்க வேண்டும் என்று அதே மன்றத்தில் பேசினார். மறுபடி கூச்சல். இரண்டே மாதத்தில், 1795 பிப்ரவரி 21 அன்று, வழிபாட்டுச் சுதந்திரச் சட்டம் வந்தது. அரசு எந்த மதத்துக்கும் சம்பளம் தராது, எந்த மதத்தையும் தடுக்காது என்றது. சிதறிக் கிடந்த சத்தியம் செய்த குருமாரைச் சேர்த்து, பத்திரிகை நடத்தி, 1797-லும் 1801-லும் பாரிஸ் நோத்ர்-தாம் ஆலயத்தில் தேசியச் சங்கங்களைக் கூட்டினார். அரசுப் பணமும் இல்லாமல், ரோமாபுரியின் ஆசியும் இல்லாமல் ஒரு திருச்சபை. அது நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நெப்போலியன் அதற்கு இடம் விடவில்லை. 1801 ஜூலையில் போப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டார். பழைய ஆயர்கள் இரண்டு தரப்பிலும் மொத்தமாக விலக வேண்டும், புதிதாக நெப்போலியன் நியமிப்பார், போப் அங்கீகரிப்பார் என்பது ஏற்பாடு. தேர்தல் என்ற பேச்சே இல்லை. கிரெகுவார் விலகினார். பதவிதான் போயிற்று, சத்தியத்தைத் தவறு என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அறுபது புதிய ஆயர்களில் பழைய சத்தியத் தரப்பிலிருந்து பன்னிரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. அவர் அதில் இல்லை. செனட்டராக இருந்தார். 1804-ல் பேரரசு வந்தபோது எதிர்த்த மிகச் சிலரில் அவரும் ஒருவர். அப்படிப்பட்டவர் 1808-ல் கோமகன் பட்டத்தை வாங்கிக்கொண்டார். எனக்கு அது உறுத்துகிறது.

கேள்வியின் மறுபாதி, யூதர்களும் கறுப்பின மக்களும். 1780-களில் மெஸ் நகர் அறிவியல் மன்றம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது: யூதர்களைப் பிரான்சில் இன்னும் பயனுள்ளவர்களாகவும் மகிழ்ச்சியானவர்களாகவும் ஆக்க வழி உண்டா? 1788-ல் பரிசை மூவர் பகிர்ந்தார்கள். ஒருவர் கிரெகுவார். இன்னொருவர் போலந்திலிருந்து வந்த யூதரான ஸால்கிண்ட் ஊர்விட்ஸ். யூதர்களிடம் என்ன குறை கண்டாலும் அது நாம் அவர்களை நடத்திய விதத்தின் விளைவு என்பது கிரெகுவாரின் வாதம். 1789 கோடையில் அல்சாஸ் பகுதியில் யூதர் வீடுகளைத் தாக்கியபோது மன்றத்தில் முதலில் எழுந்தவர்களில் அவர் உண்டு. 1791 செப்டம்பர் 27 அன்று பிரான்சின் எல்லா யூதர்களுக்கும் குடியுரிமை வந்தது. ஆனாலும் அந்தக் கட்டுரையை இன்று படித்தால் சங்கடமாக இருக்கும். யூதர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி மோசமான வர்ணனைகள் அதில் உண்டு. அன்போடு நடத்தினால் ஒருநாள் கிறிஸ்தவர்களாவார்கள் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. அவர்கள் அவர்களாகவே இருக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. உரிமை கொடுத்தது பெரிது, அதில் ஒரு எதிர்பார்ப்பை வைத்துக் கொடுத்தது அந்தக் காலத்துப் பாதிரியாரின் எல்லை.

அடிமைமுறை விஷயத்தில் அவர் கை தயங்கியதே இல்லை. 1789 கடைசியில் கறுப்பினத்தாரின் நண்பர்கள் சங்கத்தில் சேர்ந்தார். 1793 ஜூலை 27 அன்று அடிமை வியாபாரத்துக்கு அரசு கொடுத்துவந்த ஊக்கத்தொகையை நிறுத்த வைத்தார். 1794 பிப்ரவரி 4-ல் கன்வென்ஷன் அடிமைமுறையை ஒழித்தது. 1802-ல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். 1808-ல், பேரரசர் உச்சத்தில் இருக்கும்போது, கறுப்பின எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் பற்றி நூல் வெளியிட்டார் கிரெகுவார். கவிஞர் ஃபிலிஸ் வீட்லி, கணிதத்தில் தேர்ந்த பெஞ்சமின் பேனக்கர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஒரு பிரதியை அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு அனுப்பினார், கறுப்பினத்தார் அறிவில் குறைந்தவர்களோ என்று எழுதிய அதே ஜெஃபர்சனுக்கு. 1809 பிப்ரவரியில் மரியாதையான பதில் வந்தது. நண்பர் ஒருவருக்கு எழுதும்போது ஜெஃபர்சன் அந்த நூலைக் குறைவாகத்தான் பேசினார்.

மொழி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. 1790-ல் 43 கேள்விகளை நாடெங்கும் அனுப்பி வட்டார மொழிகளைப் பற்றித் தகவல் சேகரித்தார். 1794 ஜூன் 4 அன்று அறிக்கை தந்தார். குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சே தெரியாது, இன்னும் அதே அளவு பேரால் தொடர்ந்து பேச முடியாது, சுத்தமாகப் பேசுபவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை என்றது அறிக்கை. முப்பது வட்டார மொழிகளை எண்ணியது. அவற்றை அழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்க வேண்டும் என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது. சட்டம் புரியாத குடிமகனுக்குச் சுதந்திரம் எப்படிக் கிடைக்கும் என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பிரெத்தோன், ஆக்சித்தான் பேசிய பிள்ளைகள் பள்ளியில் தலைகுனிந்து நின்ற தலைமுறைகளின் தொடக்கம் அங்கே இருக்கிறது. யூதருக்கும் அடிமைக்கும் மனிதன் என்ற இடத்தைக் கொடுத்தவர், அந்த மனிதன் தன் வீட்டு மொழியோடு வரலாம் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. தமிழில் எழுதுகிற எனக்கு அவருடைய இந்த ஒரு காரியத்தை மன்னிக்க முடியவில்லை. அதே வருடம் ஆலயங்களையும் சிலைகளையும் ஏடுகளையும் உடைப்பதை எதிர்த்து மூன்று அறிக்கைகள் தந்து, 'வாண்டலிசம்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவரும் இவரே. கல்லைக் காப்பாற்றியவருக்குப் பேச்சைக் காப்பாற்றத் தோன்றவில்லை.

1814-க்குப் பிறகு ராஜ வம்சம் திரும்பியது. அவரைப் பதவிகளிலிருந்து நீக்கினார்கள், 1816-ல் அறிஞர் பேரவையிலிருந்தும் வெளியேற்றினார்கள். ஓய்வூதியமும் நின்றது. ஒரு கட்டத்தில் பிழைப்புக்குத் தன் புத்தகங்களை விற்றார். எம்பெர்மெனில் நூலகம் வைத்த மனிதர் என்பதை நினைத்தால் அது எப்படி வலித்திருக்கும் என்று தெரியும்.

1831 மே மாதம். எண்பது வயது. பாரிஸில் சாகக் கிடக்கிறார். நற்கருணையும் அவஸ்தைபூசுதலும் கேட்கிறார். பேராயர் தெ கெலென், 1790-ல் செய்த சத்தியத்தைத் திரும்பப் பெற்றால்தான் என்றார். பேராயரைக் கொடியவர் என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் பாரிஸ் கூட்டம் அவருடைய மாளிகையைச் சூறையாடியிருந்தது. புரட்சி என்ற சொல்லுக்கு அவர் அனுபவத்தில் இருந்த அர்த்தம் அது. இருந்தாலும் சாகிறவனிடம் அவர் வைத்த நிபந்தனை அது. கிரெகுவார் மறுத்தார். நாற்பது வருடத்துக்கு முன் மனச்சாட்சியோடு செய்ததைச் சாவுக்குப் பயந்து பொய் என்று சொல்ல மாட்டேன் என்பதுதான் அவர் நிலை.

அப்போது அபே கியோன் வந்தார். இவர் சத்தியம் செய்த தரப்பைச் சேர்ந்தவரே இல்லை. அந்தத் தரப்பை எதிர்த்தவர். மகாராணிக்கு ஆன்ம குரு, பொவே மறைமாவட்டத்துக்கு ஆயராக அரசு பெயர் குறித்திருந்தவர். கிழவரைப் பார்த்தார், பேசினார், பேராயரின் தடையை மீறி அவஸ்தைபூசுதல் கொடுத்தார். அதன் பிறகு அந்த ஆயர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கதை முழுவதிலும் கிரெகுவாருக்கு அடுத்து என் மனதில் நிற்பவர் இந்தக் கியோன்தான்.

மே 28 அன்று கிரெகுவார் இறந்தார். பங்கு ஆலயத்துக் குருமார் அடக்கத் திருப்பலி செய்ய மறுத்து விலகிக்கொண்டார்கள். அரசு ஆலயத்தைத் திறக்க வைத்து, வேறு குருக்கள் வந்து பூசை வைத்தார்கள். ஆயர் உடையில்தான் கிடத்தியிருந்தார்கள். வெளியே வந்ததும் இளைஞர்கள் சவ வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே மோன்பர்னாஸ் கல்லறைவரை இழுத்துப் போனார்கள். ஆயிரக்கணக்கான பேர் பின்னால் நடந்தார்கள்.

1989-ல், புரட்சியின் இருநூறாவது ஆண்டில், அவர் உடல் எச்சத்தை, பிரான்ஸ் தன் பெரியவர்களை வைத்துப் போற்றும் பாந்தெயோன் மண்டபத்துக்கு மாற்ற முடிவானது. டிசம்பர் 12 அன்று புரட்சிக் கால அறிஞர்களான கொந்தோர்சே, மோன்ஜ் இருவரோடும் சேர்த்து அவருக்கும் அங்கே மரியாதை செய்தார்கள். அப்போது பாரிஸ் பேராயராக இருந்தவர் கர்தினால் லுஸ்திஜே, யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கரானவர். அவர் அந்த விழாவுக்கு வரவில்லை.